எறிந்த தகடும் ஏலத்தின் விலையும்

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவில் முந்தி நிற்கின்றன. இவை யாவும் காலங்கடந்து நிலைத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தோடு ஆக்கப்பட்டவை. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் நிற்கட்டும் என்றே மன்னர் தம் கொடைகளைக் கல்லில் வெட்டுவித்தனர். இவற்றுக்கு நேர்மாறாக, ஒரு பருவம் கழிந்தால் குப்பைக்குப் போகட்டும் என்ற கருத்தோடு ஆக்கப்பட்ட பொருள்களும் உள. கடை வாயிலில் தொங்கிய தகரப் பலகை, சுவரில் மாட்டிய காலண்டர், வாடிக்கையாளர் கையில் கொடுத்த அட்டை விசிறி ஆகியவை அத்தகையன.

நடுவண் அரசு அலுவலகங்களில் எழுத்தராய்ப் பணிபுரியும் நம் போன்றோர் இவ்வேறுபாட்டை நன்கறிவோம். ஒரு கோப்பு முடிவுற்றதும் அதனை மூன்று வகையுள் ஒன்றில் அடக்குகிறோம். முதல் வகை நிலையாகக் காத்து, நுண்படச் சுருளிலும் பதிக்கத்தக்கது. இரண்டாம் வகை நிலையாகக் காக்கத்தக்கது, ஆயின் படச்சுருள் வேண்டாதது. மூன்றாம் வகை குறித்த ஆண்டுகள் கழிந்தபின் அழிக்கத்தக்கது. அமெரிக்க நாட்டின் சோடாக் கம்பெனிகள் வாரி இறைத்த விளம்பரப் பொருள்கள் பிறப்பிலேயே மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. இன்று அவற்றுள் சில, ஏலக் கூடங்களில் நம்மவர் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தை விஞ்சும் விலைக்குப் போகின்றன. அவ்விலை எங்ஙனம் உண்டாகிறது, விலைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள தொலைவு யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கர் வரைந்த எழுத்து

அமெரிக்காவில் சோடா நீர் முதலில் மருந்துக் கடையின் பொருளாகவே விளங்கிற்று. வளிகலந்த நீருடன் இனிப்புப் பாகு சேர்த்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தரும் மேடை ஒன்று மருந்துக் கடைதோறும் இருந்தது. அம்மேடையிலிருந்தே புகழ்பெற்ற பானங்கள் பலவும் பிறந்தன. டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் 1885ஆம் ஆண்டு டாக்டர் பெப்பர் தோன்றிற்று. வட கரோலினாவின் நியூ பெர்ன் நகரில் காலெப் பிராடம் என்னும் மருந்தாளர் 1893இல் கலந்து விற்ற பானம், 1898இல் பெப்சி-கோலா எனப் பெயர் பெற்றது. ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்ட்டன் ஆக்கிய கோக்கா-கோலா, 1886ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேக்கப்ஸ் மருந்துக் கடையில் குவளை 5 சென்ட் விலைக்கு விற்கப்பட்டது. முதலாண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 9 குவளைகளே விற்றன என்பர்.

அப்பானத்துக்குப் பெயரிட்டு, இன்றளவும் உலகெங்கும் அறியப்படும் அந்தச் சுழியெழுத்தை வரைந்தவர் பெம்பர்ட்டனிடம் கணக்கெழுதிய பிராங்க் ராபின்சன் ஆவார். அக்காலத்து அமெரிக்கக் கணக்கர்கள் பேரேட்டில் எழுதப் பயின்ற ஸ்பென்சர் முறைக் கையெழுத்தே அது. உலகில் மிகுதியும் அச்சேறிய எழுத்துகளுள் ஒன்று, பேரேடு எழுதிப் பழகிய கையிலிருந்து பிறந்தது என்பது எழுத்தர் இனத்தாராகிய நமக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

1888இல் பெம்பர்ட்டன் மறைந்தார். அவர் பானத்தின் உரிமையைப் படிப்படியாக வாங்கிய ஏசா கேண்ட்லர் 1892இல் கம்பெனியை நிறுவினார். விற்பனை சிறிதாயிருந்த காலத்திலேயே விளம்பரத்தைப் பெரிதாகச் செய்தவர் அவர். ஒரு குவளை இலவசம் என்னும் சீட்டுகளை அச்சிட்டு வழங்கினார். 1894 முதல் 1913 வரை ஏறத்தாழ 85 இலட்சம் குவளைகள் இவ்வாறு இலவசமாக ஊற்றப்பட்டன எனக் கணக்கிட்டுள்ளனர். பானத்தை விற்ற கடைக்காரர்களுக்குக் கடிகாரம், காலண்டர், தட்டு, தகரப் பலகை ஆகியன பரிசாகச் சென்றன. 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலண்டர்களிலும் தட்டுகளிலும் ஹில்டா கிளார்க் என்னும் பாடகியின் உருவம் பொலிந்தது. சில ஆண்டுகளுக்குப்பின் இசை நாடக அரங்கில் புகழ்பெற்ற லில்லியன் நோர்டிகாவின் உருவம் அவ்விடத்தைப் பெற்றது.

மலிந்தது அரிதான வரலாறு

1913ஆம் ஆண்டில் மட்டும் அக்கம்பெனி வழங்கிய விளம்பரப் பொருள்கள் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பரிமாறும் தட்டுகள் 20 இலட்சம், காலண்டர்கள் 10 இலட்சம், மையொற்றுத் தாள்கள் 2 கோடி. ஒரே ஆண்டில் இத்துணைப் பொருள் நாடெங்கும் பரவியிருக்க, இன்று அவை அரியவாயின எங்ஙனம் என்னும் ஐயம் எழுவது இயல்பே.

மலிவே அழிவுக்குக் காரணமாயிற்று. காலண்டரின் கடைசித் தாள் கிழிக்கப்பட்டதும் படமும் அதனோடு சென்றது. தட்டில் குவளைகள் வைத்து வைத்துப் படம் தேய்ந்தது. மையொற்றுத் தாளை மை குடித்தது. இலவசச் சீட்டோ கடைக்காரரிடம் கொடுத்தால்தான் பயன் தரும். கொடுத்தபின் அது கிழிக்கப்பட்டது. எனவே இன்று எஞ்சியிருக்கும் பழஞ்சீட்டு ஒவ்வொன்றும் எவரோ குடிக்க மறந்த ஒரு குவளையின் அடையாளமாகும். தகரப் பலகைகள் கோழிக் கூண்டுக்குக் கூரையாயின. சுவர்ப் பொத்தலுக்கு ஒட்டாயின. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின், 1942ஆம் ஆண்டில் நாடெங்கும் இரும்பும் தகரமும் திரட்டப்பட்டபோது பலகைகள் குவியல் குவியலாக உலைக்குச் சென்றன.

இவ்வழிவுகளுக்குத் தப்பியவற்றைத் தேடுவோர் பெருகியது 1970களில். கோக்கா-கோலாப் பொருள்களைச் சேகரிப்போருக்கென 1974இல் ஒரு சங்கம் தோன்றிற்று. ஆலன் பெட்ரெட்டி என்பார் பொருள்களை வகைப்படுத்தி, படத்தோடும் விலையோடும் தொகுத்த கையேடு பல பதிப்புகள் கண்டது. பட்டியல் தோன்றியதும் பரண்மேல் கிடந்த தட்டுக்கும் ஒரு விலை உண்டு என்பது ஊரறிந்த செய்தியாயிற்று. ஏலக் கூடங்கள் எழுந்தன.

ஒரு தரம், இரண்டு தரம்

நம் ஊர்க் கோயில்களில் தென்னந்தோப்புக் குத்தகையும் மாம்பழத்தட்டும் ஏலம் விடப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்னும் குரல் ஓய்ந்ததும் விலை முடிவாகிறது. அமெரிக்க ஏலக் கூடத்தில் மணிக்குப் பதில் சுத்தியல் ஒலிக்கும், வேறுபாடு அவ்வளவே. அங்குச் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல், வாங்கியவர் கூடத்தாருக்கு நூற்றுக்கு இவ்வளவு எனத் தரகும் செலுத்த வேண்டும். ஆதலின் செய்தித்தாளில் காணும் விலை தரகு சேர்ந்ததா, சேராததா என்று நோக்கியே ஒன்றோடொன்று ஒப்பிடல் தகும்.

விலையை நிறுவுவன மூன்று. முதலாவது, எஞ்சியவற்றின் எண்ணிக்கை. பழமை மட்டும் இங்குப் போதாது. 1913ஆம் ஆண்டுத் தட்டு பழமையானதேனும், பல எஞ்சியிருப்பின் விலை அடங்கியே இருக்கும். அதற்குப் பல ஆண்டு இளைய அட்டைப் பலகை ஒன்றே எஞ்சியிருப்பின் விலை ஓங்கும். இரண்டாவது, பொருளின் நிலை. சேகரிப்போர் 1 முதல் 10 வரை எண்ணிட்டு இதனை மதிப்பிடுவர். படத்தில் உள்ள முகத்தின்மேல் விழுந்த கீறலும், ஓரத்தில் விழுந்த கீறலும் ஒன்றாகா. முகத்தில் துரு ஏறினால் விலை பாதியினும் தாழலாம். புதுவண்ணம் பூசிச் செப்பனிட்டதை விற்பவர் மறைத்தல் குற்றமாகக் கருதப்படும். காலண்டராயின் பன்னிரு மாதத் தாளும் கிழியாதிருத்தல் பெருஞ்சிறப்பு. ஒரு நாளும் பயன்படாத காலண்டருக்கே உயர்விலை என்பது இத்துறையின் விந்தை. மூன்றாவது, கூடத்தில் அமர்ந்த இருவரின் வேட்கை. ஒருவர் மட்டும் விரும்பினால் ஏலம் ஏறாது. விட்டுக்கொடாத இருவர் வேண்டும். அவ்விருவருள் ஒருவர் அடுத்த ஆண்டு வாராதொழியின், அதே பொருள் பாதி விலைக்கும் போகக்கூடும். ஆகவே ஏல விலை என்பது ஒரு நாள் ஒரு கூடத்தில் இருவர் செய்துகொண்ட உடன்பாடேயன்றிப் பொருளில் பொறித்த எண் ஆகாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோக்கா-கோலாவின் இடுப்புச் சிறுத்த புட்டி, இந்தியானா மாநிலத்து டெரி ஹோட் நகரின் ரூட் கண்ணாடித் தொழிற்சாலையில் 1915ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. இருட்டில் தடவினாலும், உடைந்த சில்லைக் கண்டாலும் இன்ன புட்டி என்று புலனாதல் வேண்டும் என்பது கம்பெனியின் விருப்பம். முதலில் வார்த்த மாதிரிப் புட்டி நடுவில் மிகப் பருத்து நிலைகொள்ளாததாயிற்று. எனவே அதனைக் கைவிட்டு மெலிந்த வடிவத்தை ஏற்றனர். கைவிடப்பட்ட அம்மாதிரியில் அறியப்பட்டவை இரண்டே. அவற்றுள் ஒன்று 2011இல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரில் நடந்த ஏலத்தில் 2,40,000 டாலருக்கு விலைபோயிற்று. கோடி கோடியாக வார்க்கப்பட்ட வெற்றிப் புட்டி காசுக்கும் பெறாதிருக்க, தோற்றுப்போன புட்டி செல்வமாயிற்று.

போலியும் அதனைக் காட்டிக்கொடுக்கும் சான்றும்

விலை ஏறிய இடத்தில் போலி நுழைவது உலக வழக்கு. 1970களில் பழந்தட்டுகளைப் போன்ற புதுத்தட்டுகள் ஏராளமாக அச்சிடப்பட்டன. கம்பெனியின் இசைவோடு நினைவுப் பொருளாகச் செய்யப்பட்டவை அவற்றுள் பல. ஏமாற்றும் நோக்கோடு செய்யப்பட்டனவும் சில. முன்பு எக்காலத்தும் இருந்திராத பொருள்களையும் பழையன போலப் படைத்தனர். நியூயார்க்கின் புகழ்பெற்ற நகைக்கடை ஒன்றின் பெயரைப் பொறித்து, கோக்கா-கோலாவின் பெயரோடு வெளிவந்த இடைவார்ப் பூட்டுகள் அத்தகையன. அப்போலிகளுக்குச் சான்று கூறவென்றே பழம்பதிப்புப் போல ஒரு போலி நூலும் அச்சிடப்பட்டது என்பதை அறியும்போது, நூலில் உள்ளதெல்லாம் உண்மை என்று நம்பும் நம் இயல்பை ஒருகணம் நிறுத்தி எண்ண வேண்டியுள்ளது.

இப்போலிகளை அறியச் சேகரிப்போர் கையாளும் முறைகள், கல்வெட்டறிஞர் எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கும் முறையை ஒத்தவை. உருப்பெருக்காடியால் நோக்கின், பழைய கல்லச்சு வண்ணப்படத்தில் ஒழுங்கற்ற மணல் போன்ற புள்ளிகள் தெரியும். படத்தைப் படம்பிடித்து அச்சிட்ட பிற்காலப் போலியில் வரிசை பிறழாத புள்ளிகள் தெரியும். தகட்டின் விளிம்பில் உள்ள அச்சகத்தார் பெயர் மற்றொரு சான்று. ஒகையோ மாநிலத்தின் கொஷாக்டன் என்னும் சிற்றூர் தகர அச்சுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கு ஜாஸ்பர் மீக், ஹென்றி பீச் என்னும் இரு பத்திரிகைக்காரர்கள் நடத்திய தனித்தனி அச்சகங்கள் 1901இல் இணைந்தன; பின்னர்ப் பிரிந்தன. மீக் தொடங்கிய அச்சகம் 1909இல் அமெரிக்கன் ஆர்ட் வொர்க்ஸ் எனப் பெயர் மாறிற்று. எனவே அப்பெயர் கொண்ட தகடு ஒன்றை 1905ஆம் ஆண்டினது என்று ஒருவர் கூறின், அக்கூற்றைத் தகடே மறுத்துவிடும். அவ்வாறே, 'கோக்' என்னும் சுருக்கப் பெயரைக் கம்பெனி தன் விளம்பரங்களில் ஆளத் தொடங்கியது 1941ஆம் ஆண்டை ஒட்டியே. அப்பெயர் 1945இல் பதிவாயிற்று. முகவரியில் ஐந்திலக்க அஞ்சல் எண் இருப்பின் அத்தாள் 1963க்கு முற்பட்டதாதல் இயலாது. சிறு எழுத்தைப் படிக்கும் பொறுமை உடையோரை ஏமாற்றுதல் அரிது.

தகடு கூறும் சாட்சி

இதுவரை விலையைப் பற்றிக் கூறினோம். இனி மதிப்பைப் பற்றிக் கூறுவோம். இவ்விளம்பரங்களைக் கால வரிசையில் அடுக்கி நோக்குங்கால், கம்பெனிகள் மறந்துவிட விரும்பிய வரலாறு அவற்றில் தெளிவாக எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். தொடக்க கால விளம்பரங்கள் கோக்கா-கோலாவை மூளைக்கு வலிவூட்டும் மருந்தென்றும் தலைவலி தீர்ப்பதென்றும் புகழ்ந்தன. மாக்சி என்னும் மற்றொரு பானம் நரம்புகளுக்கு உணவு என்றே விற்கப்பட்டது. 1898இல் போர்ச் செலவுக்காக மருந்துகளின்மேல் அமெரிக்க அரசு வரி விதித்தபோது கோக்கா-கோலாவும் மருந்தெனக் கொள்ளப்பட்டு வரிக்கு உட்பட்டது. கம்பெனி வழக்காடித் தொகையை மீட்டது. இக்காலத்தை ஒட்டியே மருந்துப் பேச்சு விளம்பரங்களில் தேய்ந்து, களைப்பாற்றும் இன்பானம் என்னும் பேச்சு வளர்ந்தது. கோக்கா இலையின் போதைச் சத்து 1903ஆம் ஆண்டளவில் நீக்கப்பட்டது. 1906இல் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தது. 1911இல் சட்டனூகா நகரில் அப்பானத்தில் உள்ள காபீனைக் குறித்து அரசு தொடுத்த வழக்கு விசாரிக்கப்பட்டது. 1916இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கின் முடிவில் காபீனின் அளவு குறைக்கப்பட்டது. வழக்கின் ஏடுகள் கூறுவதை ஒரு தகரப் பலகையும் ஒரு சொல்லில் கூறிவிடுகிறது.

படத்தில் இல்லாதவையும் சான்றாகும். அரை நூற்றாண்டுக் காலச் சோடா விளம்பரங்களில் சிவந்த கன்னமும் வெண்ணிற மேனியும் உடைய மங்கையரே சிரிக்கின்றனர். அதே பானத்தை அதே காசு கொடுத்துக் குடித்த கறுப்பின மக்களைப் பணியாள் வேடத்திலன்றிக் காண்பது அரிது. 1947இல் பெப்சி-கோலா கம்பெனி எட்வர்டு பாய்டு என்னும் கறுப்பினத்தவரின் தலைமையில் விற்பனைக் குழு ஒன்றை அமைத்து, கறுப்பின மக்களைக் கண்ணியத்தோடு காட்டும் விளம்பரங்களை வெளியிட்டது. கோக்கா-கோலா விளம்பரத்தில் மேரி அலெக்சாண்டர் என்னும் கறுப்பினப் பெண்மணி தோன்றியது 1955இல். ஏலக் கூடத்தில் பாடகியின் காலண்டர் பெறும் விலையை இவ்வெளிய அச்சுத்தாள்கள் பெறாதிருக்கலாம். ஆயினும் ஒரு நாடு தன் மக்களுள் ஒரு பகுதியினரை எப்போது கண்ணெடுத்துப் பார்த்தது என்னும் வினாவுக்கு விடை கூறுவன இவையே. விலையும் மதிப்பும் வேறு வேறு வழியில் செல்கின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தொகுப்பாக இருக்கும்போதே இச்சாட்சி முழுமை பெறும். கெண்டக்கி மாநிலத்தின் எலிசபெத்டவுன் நகரில், தலைமுறைகளாகப் புட்டியடைப்புத் தொழில் நடத்திய ஷ்மிட் குடும்பத்தார் திரட்டிய கோக்கா-கோலா அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. அங்கிருந்த ஏறத்தாழ 80,000 பொருள்கள் 2011 முதல் ஏலங்களில் பிரித்து விற்கப்பட்டன. பொருள்கள் அழிந்துவிடவில்லை, ஆர்வலர் பலர் இல்லங்களில் அவை விளங்குகின்றன. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறிய சொல்லையும் படத்தையும் ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் காணும் வாய்ப்பு அத்தொகுப்போடு கலைந்தது.

நம் நாட்டில்

இந்திய நாட்டில் கோக்கா-கோலா 1950இல் தில்லியில் புட்டியடைப்பைத் தொடங்கிற்று. 1973ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு இணங்காது 1977இல் வெளியேறி, 1993இல் மீண்டும் வந்தது. இடைக்காலத்தில் தம்ஸ் அப்பும் கேம்பா கோலாவும் தழைத்தன. நடுவண் அரசின் மாடர்ன் பேக்கரி நிறுவனமே '77' என்னும் பானத்தை வெளியிட்டது. சில ஆண்டுகளில் அது மறைந்தது. அரசு விற்ற அப்பானத்தின் விளம்பரத் தாள் எத்தனை இல்லங்களில் இன்று இருக்கும்? தமிழகத்தில் 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், வெளிநாட்டுக் கம்பெனிகளின் வரவையும் போக்கையும் கண்டு இன்றும் நிலைத்துள்ளது. அது போன்ற சிறுநகரச் சோடாக் கம்பெனிகள் நம் ஊர்தோறும் இருந்தன. கோலிக்குண்டுப் புட்டியின் கழுத்தில் எழுந்த ஊர்ப்பெயரும், கலர் விற்ற கடையின் எனாமல் பலகையும், பொங்கலுக்கு வழங்கிய காலண்டரும் அவ்வூரின் தொழில் வரலாறாகும். பாத்திரக்காரரிடமும் பழைய இரும்புக்காரரிடமும் எடைக்குச் சென்றவை அவை.

இவற்றுக்கும் ஒருநாள் ஏலத்தில் விலை கிடைக்கும் என்று ஆசை காட்டுதல் நம் கருத்தன்று. இளமையில் அப்பானத்தைப் பருகிய தலைமுறை மறைந்தால் வேட்கை தணியும். இணைய வழி விற்பனை வந்தபின், அரியவை எனக் கருதப்பட்ட பல பொருள்கள் பரண்தோறும் இருந்தமை வெளிப்பட்டு விலை சரிந்ததும் உண்டு. விலையை நம்பிச் சேர்ப்போர் ஏமாறலாம். சாட்சியை விரும்பிச் சேர்ப்போருக்கு அந்த அச்சமில்லை. சேர்க்கும் முறையும் எளிதே. பொருளைத் துலக்கிப் புதிதாக்காமல், கிடைத்த இடமும் ஆண்டும் கொடுத்தவர் பெயரும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்தல் வேண்டும். வெயிலும் ஈரமும் படாமல் காத்தல் வேண்டும். ஊர் மாறும்போது எடைக்குப் போடும் கட்டைப் பிரித்து ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு இக்கடமை சற்று மிகுதி. நாம் குடியேறிய நகரங்களின் வரலாற்று நூல்களில் நம் பெயர் ஒரு வரியேனும் இடம்பெறுவது அரிது. ஆயின் சங்க மலர்களின் பின்பக்கங்களை நோக்குங்கள். இட்லிக் கடை, அப்பளக் கடை, தட்டச்சுப் பயிற்சி நிலையம், மெஸ், பாத்திரக் கடை, பாட்டு வகுப்பு என எத்தனை விளம்பரங்கள்! கட்டுரையையும் கவிதையையும் தேடுவோர் அவற்றைக் காணாது புரட்டிச் செல்வர். மலரின் அச்சுச் செலவைத் தாங்கியவை அப்பக்கங்களே. எந்தத் தெருவில் எந்த ஆண்டு தமிழர் கடை வைத்தனர், எதனை விற்றனர், தொலைபேசி எண்ணுக்கு எத்தனை இலக்கம் இருந்தது, எந்தப் பெயர் மறைந்து எந்தப் பெயர் எழுந்தது என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட்டுள்ளன. மூன்றாம் வகைக் கோப்பென்று எண்ணி நாம் கழிக்கும் அவையே, நாளை நம் பேரப்பிள்ளைகள் இந்நகரில் தம் முன்னோர் வாழ்ந்த தடத்தைத் தேடும்போது கையில் கிடைக்கும் சான்றாகும். சங்கத்தின் பழைய மலர்களை ஆண்டு வாரியாக அடுக்கி, விளம்பரப் பக்கம் ஒன்றும் குறையாமல் கட்டடம் செய்து வைப்போமாக. ஏலக்காரர் எவரும் அதற்கு விலை கூறப்போவதில்லை. நமக்கு அதனால் குறைவுமில்லை.